ஒரு டோக்கனுக்கு ஒரு மனைவி

ஜூன் 5, திங்கள்

தண்ணீர் மோட்டார் மறுபடி படுத்துவிட்டது. வீட்டு ஓனரிடம் சொன்னால், "நீங்க ஒரு ஆளுதானம்மா, ரெண்டு கொடம் போதாதா" என்கிறார். நாற்பத்து நான்கு வயதில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு இரண்டு குடம் போதும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ. கீழே இருந்து மாடிக்கு நான்கு குடம் தூக்கினேன். இடுப்பு தனியாகக் கழன்று நிற்கிறது.

பாளையங்கோட்டை ஆபீசில் புது வேலை. எங்கள் ஊர் மில் ஆஸ்பத்திரிக்கு. மில்லை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. அறக்கட்டளை மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியை ஓட்டிக்கொண்டிருக்கிறது. மில்லில் வேலை பார்த்து இறந்துபோனவர்களின் மனைவிமாருக்கு அங்கே வைத்தியம் இலவசம். அவர்களுடைய பழைய அட்டைகளை எடுத்துவிட்டுப் புது கார்டு கொடுக்கப் போகிறார்கள். பழைய பதிவேட்டைப் புது சாஃப்ட்வேருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பது எங்கள் வேலை. ஞானராஜ் சார், "ஒங்க ஊரு ஆளுங்க, ஒங்களுக்குத் தெரியாததா செண்பகம்" என்று என் தலையில் கட்டிவிட்டார். இந்த ஆபீசில் யாருக்கும் பிடிக்காத வேலை எல்லாம் சுற்றிச் சுற்றி என் மேஜைக்குத்தான் வரும்.

அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "எம் மவ போடுத கார்டா?" என்று ஒரே குதி. இந்நேரம் மில் காலனி முழுக்கச் சொல்லியிருப்பாள்.

ஜூன் 8, வியாழன்

பழைய பதிவேட்டைத் திறந்தேன். மொத்தம் 1,846 வரிகள். ஒவ்வொரு வரியிலும் முதலில் மனைவியின் பெயர், அதற்கு நேராகக் கணவனின் டோக்கன் நம்பர், ஓரத்தில் பிள்ளைகள், போன் நம்பர் போன்ற விவரங்கள். மில்லில் ஆட்களை யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, டோக்கன் நம்பர்தான். அப்பா 2217. அவருடைய தூக்குச்சட்டியில்கூட அதைத்தான் வெட்டியிருந்தது.

நான் புரோகிராம் எழுதும் பைத்தான் மொழியில் இப்படிப்பட்ட பட்டியலுக்கு டிக்ஷனரி என்று பெயர். இடது பக்கம் சாவி, வலது பக்கம் அதற்குரிய மதிப்பு. சாவியைக் கொடுத்தால் மதிப்பு வரும். மதிப்பைக் கொடுத்துச் சாவியைக் கேட்டால் முழிக்கும். இப்போது இருப்பதில் மனைவி பெயரைக் கொடுத்தால் டோக்கன் நம்பர் வருகிறது. சென்னைக்காரர்கள் செய்த புது சாஃப்ட்வேருக்கு டோக்கன் நம்பரைக் கொடுத்தால் மனைவி பெயர் வர வேண்டும். ஆக, இரண்டையும் இடம் மாற்றிப் போட வேண்டும். ஒரே ஒரு வரி. இதற்குப் பத்து நாள் கெடு கேட்டு வாங்கியிருக்கிறார் சார்.

அந்த வரியை எழுதி ஓட்டினேன். உள்ளே போனது 1,846. வெளியே வந்தது 1,809.

நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடி வைத்தேன். மோட்டார்காரன் வரவில்லை.

ஜூன் 9, வெள்ளி

முப்பத்தேழு குறைவதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு சாவிக்கு ஒரே ஒரு மதிப்புதான் இருக்க முடியும். அதே சாவியோடு இன்னொன்று வந்தால், முதலில் இருந்ததைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிழைச் செய்தி கிடையாது, சத்தம் கிடையாது. திருப்பிப் போட்டபோது டோக்கன் நம்பர் சாவியானது. ஒரே டோக்கன் நம்பருக்கு இரண்டு மனைவி இருந்தால் கடைசியாக எழுதப்பட்டவள் மட்டும் மிஞ்சுவாள்.

ஆக முப்பத்தேழு ஆம்பிளைகள். எங்கள் மில்லில் நூல் எவ்வளவு ஓடியதோ தெரியாது, இந்த உற்பத்திக்கு மட்டும் குறைச்சலே இல்லை. பழைய லேபர் ஆபீசர் நல்ல மனுஷன். யார் வந்து கேட்டாலும் கேள்வி கேட்காமல் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்.

வேலையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேலையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆனாலும் எழுதுகிறேன். பழைய பதிவேட்டில் இரண்டு வரிகள்.

சண்முகவடிவு, க/பெ ஆவுடையப்பன். 2217.
கோமதி, க/பெ ஆவுடையப்பன். 2217.

முதல் ஆள் என் அம்மா. இரண்டாவது ஆள் கோமு. மில்லில் நூல் சுற்றும் வைண்டிங்கில் வேலை பார்த்தவள். எனக்கு ஒன்பது வயதில் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு வந்து மில் காலனியிலேயே நாலாவது லைனில் வீடு பார்த்து வைத்தார். எங்கள் வீட்டில் நாலு நாள், அங்கே மூன்று நாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அப்பா போன பிறகும் நாலாவது லைனிலேயே இருக்கிறாள். நான் அவளிடம் பேசி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

நான் ஓட்டிய கணக்கில் 2217 என்று அடித்தால் கோமதி என்று வந்தது. அம்மா இல்லவே இல்லை.

பிறகு பட்டியலைக் கீழிருந்து மேலாக ஓட விட்டேன். இப்போது கடைசியில் வருவது முதலில் எழுதப்பட்டவள். 2217 அடித்தேன். சண்முகவடிவு.

சாஃப்ட்வேரில் மனைவி பெயருக்கு ஒரு கட்டம்தான் இருக்கிறது. ஒரு கட்டத்தில் ஒருத்தி பெயர்தான் எழுத முடியும். மூத்தவள் பெயரை எழுதுவதுதான் முறை. முப்பத்தேழு டோக்கனுக்கும் ஒரே முறை, எனக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது சார் ஏதோ கேட்டார், இல்லை சார் என்றேன். வரும் வழியில் தோசை மாவு வாங்கினேன். ஒரே புளிப்பு.

ஜூன் 14, புதன்

கோப்பை அனுப்பிவிட்டேன். 1,809. மோட்டாரும் சரியாகிவிட்டது.

ஜூன் 25, ஞாயிறு

ஊருக்குப் போய் வந்தேன். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ரொம்ப மோசம். என்னை வாசலில் பார்த்து, "யாரு?" என்றாள். கண் டாக்டர் செவ்வாய்க்கிழமைதோறும் மில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். புது கார்டு வரட்டும், ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறாராம்.

"ஒத்தையில எப்படிம்மா ஆஸ்பத்திரிக்குப் போற? ரோட்டுல லாரி வருது போவுது."

"தொணைக்கு ஆளு உண்டு. நீ சாப்பிடு."

மத்தியானம் சாளை மீன் குழம்பு. அம்மா வைத்தது இல்லை, வாயில் வைத்ததுமே தெரிந்தது. கழுவுகிற இடத்தில் அந்தச் சட்டி கிடந்தது. விளிம்பில் கோமதி என்று பேர் வெட்டியிருந்தது. தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 4, செவ்வாய்

அம்மா போன். கார்டு கொடுத்துவிட்டார்களாம். "வழவழன்னு இருக்குட்டி. போட்டோ கெடையாது, பேரும் நம்பருந்தான். கவுண்டர்ல இருக்க பிள்ளைட்ட எம் மவ போட்டதுன்னு சொன்னேன். சிரிச்சிக்கிட்டா." பிறகு, "தொணைக்கு வந்தவ பாதியிலயே வீட்டுக்குப் போயிட்டா. தல வலிக்காம்" என்றாள்.

கண் ஆபரேஷன் எப்போது என்று கேட்டேன். செப்டம்பரில்.

ஜூலை 18, செவ்வாய்

அம்மா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு போயிருக்கிறது. அடி இல்லை, புடவைதான் கிழிந்தது. "தொணைக்கு வாரவளுக்குக் கால்ல செருப்புக் கடிச்சிப் புண்ணு. நடக்க மாட்டேங்கா. சுகர்க்காரி வேற" என்றாள். அடுத்த முறை ஆட்டோ வைத்துப் போ என்றேன்.

ஜூலை 30, ஞாயிறு

இந்த ஞாயிறும் ஊருக்குப் போகவில்லை. துணி நிறையக் கிடந்தது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

சார் அல்வா வாங்கி வந்தார். அறக்கட்டளையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்திருக்கிறதாம். எல்லாரையும் நிற்க வைத்து வாசித்துக் காட்டினார். பழைய பதிவேட்டில் இருந்த முப்பத்தேழு இரட்டைப் பதிவுகளைக் கண்டறிந்து நீக்கியமைக்கு எங்கள் நிறுவனத்துக்கு நன்றி என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

இரட்டைப் பதிவு என்றால் ஒரே ஆளை இரண்டு தடவை எழுதுவது. இரண்டு துண்டு அல்வா சாப்பிட்டேன், நெய் நெஞ்சைக் கரித்தது.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலை பதினோரு மணிக்கு ஆபீசில் இருக்கும்போது மில் ஆஸ்பத்திரியிலிருந்து போன்.

"சண்முகவடிவு அம்மாவோட மகளா? ஒங்க நம்பர்தான் கார்டுல இருக்கு. அம்மாவுக்கு எடது கால் அழுகிப்போச்சு. முட்டிக்குக் கீழ எடுத்தாகணும். நீங்க வந்து கையெழுத்துப் போட்டாத்தான் தியேட்டருக்குக் கொண்டுபோக முடியும்."

ஞாயிற்றுக்கிழமை போனில் நன்றாகத்தான் பேசினாள். காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் அவளுடைய கால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், ஞாபகத்துக்கு வரவே இல்லை. அவள் காலை நான் கடைசியாக எப்போது பார்த்தேன்? பக்கத்தில் இருந்த ஆள், "ஏம்மா அழுவுதீங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மாடியில் வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலையும் தொங்கப் போட்டுக்கொண்டு. நான் ஓடிப்போய்க் குனிந்து அந்த இரண்டு காலையும் பிடித்துக்கொண்டேன்.

"எந்திட்டி. எல்லாரும் பாக்காவ," என்றாள் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உள்ள கெடக்குறது கோமு. எங் கார்டுலதான் சேத்திருக்கேன். டாக்டருக்கும் சிஸ்டருக்கும் அவதான் சண்முகவடிவு. நா அவளுக்குத் தங்கச்சி. நீ எதையாவது ஒளறி வைக்காத."

எனக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. அம்மா அங்கேயே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். ஜூலை 4 அன்று புது கார்டு வாங்க இரண்டு பேரும் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, கோமுவிடம் "ஒங்க பேரு லிஸ்ட்ல இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருந்த இன்சுலினும் நின்றுபோனது. கோமு யாரிடமும் சொல்லவில்லை. ரெண்டாந்தாரம்தானே, சட்டம் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தலைவலி என்றாள், செருப்புக் கடி என்றாள், வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். மூன்று நாளைக்கு முன்னால் அம்மா குழம்புச் சட்டியைத் திருப்பிக் கொடுக்க நாலாவது லைனுக்குப் போனபோது, கதவைத் திறந்ததும் நாற்றம் அடித்திருக்கிறது.

"கண்ணுதான் தெரியல எனக்கு, மூக்கு இருக்குல்லா. டோக்கன் நம்பரு ஒண்ணுதான, எங் கார்ட எடுத்துட்டு வாட்டின்னேன். வரமாட்டேன்னுட்டா. அடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

சிஸ்டர் பேப்பரைக் கொண்டுவந்தாள். நோயாளியின் பெயர் சண்முகவடிவு என்று எழுதியிருந்தது. கையெழுத்திடுபவருக்கு நோயாளியோடு என்ன உறவு என்று ஒரு கட்டம். "சீக்கிரம் போடுங்க. வெசம் மேல ஏறிச்சுன்னா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார்."

மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். கஞ்சி வாங்கி வந்தேன், பெட்ஷீட் மாற்றச் சொல்லி ஆயாவிடம் சண்டை போட்டேன்.

மத்தியானம் கோமு கண் விழித்தாள். முப்பது வருடத்தில் ஆளே பாதியாகிவிட்டாள். சிஸ்டர் அவளிடம், "பாட்டி, ஒங்க மக வந்திருக்காங்க பாருங்க" என்றாள். கோமு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"ஏம்மா, ஒனக்கு ஆபீசு சோலி கெட்டுப்போயிருக்குமே" என்றாள்.

தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ரொம்ப நேரம் குழாயடியில் நின்றேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அம்மா இன்றைக்கு நேராகக் கேட்டுவிட்டாள். வீட்டில் நான் துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கல் தெரியவில்லை என்பதால்.

"கவுண்டர்ல கேட்டேன். லிஸ்டு பாளையங்கோட்டையிலருந்து வந்ததுதான், நாங்க ஒண்ணும் எடுக்கலன்னுட்டா. ஏட்டி, நீயா எடுத்த?"

"கம்ப்யூட்டர் எடுத்துருச்சும்மா. ஒரு நம்பருக்கு ஒரு பேருதான் அது வச்சுக்கும்."

"அப்பம் அவ பேர வச்சுக்கிட்டு எம் பேர எடுத்திருக்கலாம்லா. எங்க ரெண்டு பேத்துல யாரு மூத்தவன்னு அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நாலாம் வகுப்பு படித்தவள். நான் முறத்தைக் கீழே வைத்தேன். "ஒனக்காகத்தாம்மா செஞ்சேன்."

"எனக்காவயா? எனக்கு யாரு தண்ணி பிடிச்சுத் தாரா, யாரு கையப் பிடிச்சு ரோட்டத் தாண்டி விடுதான்னு ஒரு நாளு கேட்டிருக்கியாட்டி நீ? ஒங்கப்பா போன மறுமாசத்துலருந்து அவதான். அவ எம் புருசன எங்கிட்டருந்து பறிச்சா, நா இல்லங்கல. எனக்கும் வயிறு எரிஞ்சிது. அந்த மனுசன் ஊரு சிரிக்க ரெண்டு பொண்டாட்டி கட்டுனாரு. ஆனா ரெண்டு பேத்தையும் ஆபீசுல எழுதிவச்சுட்டுத்தான் செத்தாரு. ஒருத்திய அழிச்சிட்டு ஒருத்திய எழுதல. அந்தப் புத்தி அவருக்கு இருந்துது."

நான் பருப்பைப் புடைத்து முடித்தேன்.

ஜூன் 9 அன்று சார் ஏதோ கேட்டார் என்று எழுதியிருக்கிறேன். அவர் கேட்டது இதுதான்: "ஒரு டோக்கனுக்கு ரெண்டு பேர் வர சான்ஸ் இருக்கா செண்பகம்? இருந்தா இப்பமே சொல்லிருங்க. சென்னைக்காரன்ட்ட இன்னொரு கட்டம் கேட்டு வாங்கிரலாம், ஒரு மெயில்தான்." முப்பத்தேழு பேரின் பெயரும் அப்போது என் மேஜைமேல் அச்செடுத்த தாளில் இருந்தது. அதன்மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டு, இல்லை சார் என்றேன்.

கோமுவின் பெயரை எடுக்கவேண்டும் என்றுதான் எடுத்தேன். மற்ற முப்பத்தாறு பேரைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

சாரிடம் சொல்லிவிட்டேன். முழுசாக இல்லை. ஒரு டோக்கனுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள், இடம் மாற்றியபோது விட்டுப்போயிற்று, நான் கவனிக்கவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அன்னிக்கே கேட்டேனே செண்பகம்."

"ஆமா சார்."

"முப்பத்தேழு பேரும் என்ன பாடு பட்டாங்களோ" என்றார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். உடனே சென்னைக்கு மெயில் போட்டார். மத்தியானத்துக்குள் இரண்டாவது கட்டம் வந்துவிட்டது, "இரண்டாம் மனைவி" என்ற தலைப்போடு. ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு பெயரை வைப்பதற்குப் பதில் பெயர்களின் வரிசையை வைக்கும்படி என் வரியை மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. கூட்டிப் பார்த்தேன், 1,846.

செப்டம்பர் 3, ஞாயிறு

விட்டுப்போனவர்களில் கோமு தவிர முப்பத்தாறு பேருக்கும் தபாலில் கார்டு போனது. முப்பத்து மூன்று போய்ச் சேர்ந்தது. மூன்று, ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டதாகச் சார் சொன்னார். ஆள் இல்லை என்றால் வீடு மாறிப் போனார்களா, இல்லை எப்படி என்று நான் கேட்கவில்லை. வயசானவர்கள்தான் எல்லாரும்.

கோமதி, க/பெ ஆவுடையப்பன் என்ற கார்டை நானே ஊருக்கு எடுத்துப்போனேன். கோமு இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். கட்டில் அவளுக்கு, பாய் அம்மாவுக்கு. கார்டை அவள் கையில் கொடுக்கப் போனேன். அம்மா இடையில் கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"இது எனக்கு."

"ஒன் கார்டு இருக்கேம்மா."

"அதுல எனக்கு எடது காலு கெடையாது. கம்ப்யூட்டர்ல எழுதிட்டானுவள்லா. கண்ணு ஆபரேசனுக்கு அந்தக் கார்டோட ரெண்டு கால்ல நடந்துபோனா, கட்டுப் பிரிக்கப் போற அவளையும் சேத்துப் பிடிச்சுக்குவான். அவளுக்கு இன்னும் மூணு மாசம் கட்டு இருக்கு, மாத்திர இருக்கு. அவ சண்முகவடிவாவே இருக்கட்டும். நா கோமதியா இருந்துக்கிடுதேன். காலு வார்டு மேல, கண்ணு வார்டு கீழ. ஒருத்தருக்கொருத்தரு பேசிக்கிட மாட்டாவ."

"வேண்டாம்மா. பாளையங்கோட்டையில நல்ல கண் ஆஸ்பத்திரி இருக்கு. நா பாக்கேன். எங்கூட வந்து ஒரு வாரம் இரு."

"ஒங்கூட வந்து இருந்துட்டு, இவள யாரு பாக்க?"

கோமு கட்டிலில் இருந்தபடி, "அக்கா, பிள்ள கூப்பிடுதுல்லா, போயிட்டு வாங்க" என்றாள். அம்மா அவளை ஒரு அதட்டு அதட்டினாள். நான் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். வரமாட்டேன் என்று கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஞாபகப்படுத்தினாள்.

செப்டம்பர் 12, செவ்வாய்

அம்மாவுக்கு இன்று வலது கண் ஆபரேஷன். என்னை வரச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். கோமுவுக்கு இட்லியும் மாத்திரையும் எடுத்துவைத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு போனேன். நடக்கும்போது பள்ளம் எங்கே, கல் எங்கே என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பச்சை அங்கி மாட்டி, நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி அதில் கோமதி, வலது கண் என்று எழுதினார்கள். கண்ணில் மருந்து விட்டு மூடிக்கொள்ளச் சொன்னார்கள். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கையைப் பிடிக்கலாமா என்று இருந்தது.

சிஸ்டர் ஒருத்தி பேப்பரோடு வந்தாள். கம்ப்யூட்டரில் டோக்கன் நம்பரை அடித்தாள். நான் ஏற்றிக் கொடுத்த விவரங்கள் வரிசையாக வந்தன. ஒரு எழுத்துப் பிழை இல்லை.

"கோமதி, க/பெ ஆவுடையப்பன். இரண்டாம் மனைவி. பிள்ளைகள் இல்லன்னு வருது." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க யாருங்க?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, மூடிய கண்ணோடு, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள்:

"தெரிஞ்ச பிள்ளதாம்மா."

உறவுமுறை என்ற கட்டத்தில் தெரிந்தவர் என்று எழுதினேன். சிஸ்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "அப்ப நீங்க வெளிய இருங்க, உள்ள சொந்தக்காரங்க மட்டுந்தான் நிக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.